மாத்திரை விழுங்கியதை போன் பார்க்கவில்லை

காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே இருமல் குறைந்து, காய்ச்சல் விட்டு, பசி எடுக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு வருகிற மாதங்கள்தான் கஷ்டம். உடம்பு நன்றாக இருக்கும்போது வயிற்றைப் புரட்டுகிற மாத்திரைகளை எதற்குத் தினமும் விழுங்குவது? பாதியில் விட்டால் நோய் திரும்ப வரலாம், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம். எச்ஐவி மருந்தும் ரத்த அழுத்த மாத்திரையும் இன்னும் கடினம். அவற்றுக்கு ஆறு மாதம் என்ற கணக்கே கிடையாது.

எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு, அதை வைத்து மாத்திரையை நினைவூட்டலாமே என்ற யோசனை தானாகவே வந்தது. எஸ்எம்எஸ் அனுப்பலாம், மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லலாம், செயலி போட்டுக் கொடுக்கலாம், வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் உலகம் முழுக்க இதற்கு எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் பலன் இருந்தது, பலவற்றில் இல்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளில் களப்பணிப் பக்கம் இருந்து பார்த்தவன் என்ற முறையில், "உங்க ஆப் வேலை செய்யுதா சார்?" என்று யாராவது கேட்டால் உடனே ஆம், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

99 டாட்ஸ் என்று ஒரு முறை. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் இருந்த பில் தீஸும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. மாத்திரை அட்டையை ஒரு தடித்த காகித உறைக்குள் வைத்து ஒட்டியிருப்பார்கள். மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால் காகிதம் கிழியும், அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு போன் எண் தெரியும். எந்த மாத்திரைக்குப் பின்னால் எந்த எண் இருக்கும் என்பது நோயாளிக்கு முன்கூட்டியே தெரியாது. அந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்து கூப்பிட்டால் போதும். காசு பிடிக்காது, பேசவும் வேண்டாம். இன்ன எண்ணிலிருந்து இன்ன எண்ணுக்கு அழைப்பு வந்தது, ஆக இன்றைய மாத்திரை வெளியே வந்துவிட்டது என்று கணினி குறித்துக்கொள்ளும். ஸ்மார்ட்போன் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். முதன்முதலாக அந்த உறையைக் கையில் வாங்கி ஒரு மாத்திரையை அழுத்திப் பார்த்தபோது, எவ்வளவு மலிவாக, எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள் என்று உண்மையிலேயே வியந்தேன். இன்றும் அந்த மரியாதை குறையவில்லை.

ஆனால் உறையிலிருந்து வெளியே வந்த மாத்திரை வாய்க்குள் போனதா என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2020ல் வெளியானது. சென்னை, மும்பை உள்ளிட்ட இடங்களில், காசநோயும் எச்ஐவியும் சேர்ந்து இருந்த 597 பேர் அதில் இருந்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் சிறுநீர் வாங்கி, அதில் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். மருந்து உடம்பில் இருந்தவர்களில் 70 சதவீதம் பேரைத்தான் 99 டாட்ஸ் சரியாகப் பிடித்தது. மீதிப் பேர் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்கள், கூப்பிடவில்லை. மருந்து இல்லாதவர்களில் 61 சதவீதம் பேரைச் சரியாகச் சொன்னது. மீதிப் பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், சாப்பிடவில்லை. நோயாளி கூப்பிடாத நாட்களை மருத்துவப் பணியாளர்களும் "சாப்பிட்டார்" என்று பதிவு செய்ய வழி இருந்தது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, சாப்பிட்டவர்களைப் பிடிக்கும் அளவு 96 சதவீதமாக உயர்ந்தது. சாப்பிடாதவர்களைப் பிடிக்கும் அளவு 24 சதவீதமாக விழுந்தது. மருந்தே எடுக்காத நான்கு பேரில் மூன்று பேர் ஏட்டில் ஒழுங்காகச் சாப்பிடுபவர்களாக இருந்தார்கள் என்று பொருள்.

என் பார்வையில் இந்த ஆய்வுகளின் ஆதாரச் சிக்கல் இதுதான். எதைச் சோதிக்கிறோமோ, அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்கிறோம். தேர்வு எழுதுகிற பையனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுக்கிற மாதிரி. போன் வைத்திருக்கும் குழுவில் தினமும் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்பது வரை தகவல் இருக்கும். வழக்கமான சிகிச்சையில் இருக்கும் கண்ட்ரோல் குழுவில், மாதம் ஒருமுறை "ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று நர்ஸ் கேட்டு எழுதிய ஒரு டிக் மார்க் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எந்தக் குழு நன்றாகச் சாப்பிட்டது என்று எப்படிச் சொல்வது?

நோயாளி வாயால் சொல்வதை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, போனுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வை நான் அடிக்கடி உதாரணம் சொல்வேன். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தைத் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் சோதித்த, வாய்ஸ் என்று பெயர் வைத்த ஆய்வு அது. கேட்டபோது சொன்ன பதில், திருப்பிக் கொடுத்த மருந்தின் எண்ணிக்கை இரண்டையும் வைத்துப் பார்த்தால் சுமார் 90 சதவீதம் ஒழுங்காகப் பயன்படுத்தியதாகக் கணக்கு வந்தது. ரத்தத்தைச் சோதித்தால் 30 சதவீதத்துக்கு மேற்படாத மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. அந்தப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயணக்காசு கொடுத்து, அன்பாக விசாரித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் போய் "நான் சாப்பிடலை" என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? மீந்த மாத்திரைகளை எங்காவது போட்டுவிட்டுக் காலி டப்பாவைக் கொண்டுவருவது ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. ஆய்வுக்குத்தான் அது ஆபத்து.

சென்னைக்கு இந்த விஷயத்தில் பழைய உறவு உண்டு. 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். காசநோயாளியைச் சானடோரியம் என்ற தங்கிப் பார்க்கும் மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. நெருக்கடியான, ஏழ்மையான பகுதிகளில் வாழ்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 1959ல் வந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட சானடோரியம் அளவுக்கே பலன் தந்தது, வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிய அது ஒரு பெரிய காரணம்.

அந்த முடிவை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அதை எப்படி அளந்தார்கள் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். ஆய்வை நடத்திய வாலஸ் ஃபாக்ஸ், தானாக மருந்து சாப்பிடச் சொல்லி விட்டுவிடுவதில் இருக்கும் பிரச்சினையைப் பற்றி 1958லேயே எழுதிவிட்டார். ஏறத்தாழ 60 ஆண்டு கழித்து, மேகக் கணினியோடு இணைந்த 99 டாட்ஸ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அதே வழிதான் தேவைப்பட்டது. கதவைத் தட்டி, ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, திண்ணையில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு ஒன்றும் லேசானது இல்லை. பகலில் போனால் நோயாளி வேலைக்குப் போயிருப்பார். மாலையில் போனால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், எதற்கு வந்தோம் என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். போன் செய்துவிட்டுப் போனால் சோதனைக்கே அர்த்தமில்லை. முகவரியில் பாதி "மாரியம்மன் கோயில் பின்புறம்" என்றிருக்கும். கிடைத்த சிறுநீரும் கடந்த ஒன்றிரண்டு நாளைப் பற்றித்தான் சொல்லும், போன மாதத்தைப் பற்றி வாய் திறக்காது. இதெல்லாம் போக, நாம் ஒருமுறை கதவைத் தட்டிவிட்டாலே அந்த நோயாளி மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். அளக்கப் போனதே சிகிச்சையாகிவிடும். சோதனையில் மருந்து இல்லை என்று தெரிந்த பிறகு, ஆய்வுக் கணக்கு கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு திரும்பி வர முடியுமா? முடியாது, கூடாது. உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

சரி, மாத்திரை சாப்பிட்டாரா என்பதை விட்டுவிட்டு, குணமானாரா என்பதை மட்டும் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே எண்ணிக்கை இடிக்கும். வழக்கமான சிகிச்சையில் நூற்றில் 10 பேருக்குச் சிகிச்சை தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன் அதை 7 ஆகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால், அந்த வித்தியாசத்தை நம்பிக்கையோடு காட்ட ஒரு குழுவுக்குச் சுமார் 1,350 பேர் வேண்டும், இரண்டு குழுவுக்கும் சேர்த்து 2,700. ஒரே மையத்தில் ஒருவருக்குப் போன், பக்கத்து நாற்காலிக்காரருக்கு இல்லை என்று பிரித்தால் இருவரும் பேசிக்கொள்வார்கள், ஒரே நர்ஸ் இருவரையும் பார்ப்பார். அதனால் மையம் மையமாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்படிப் பிரித்தால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும்.

சீனாவில் இதைப் பொறுமையாகச் செய்தார்கள். 2015ல் வெளியான ஆய்வில், நேரம் வந்தால் ஒலி எழுப்பி, திறந்ததைப் பதிவு செய்யும் மருந்துப் பெட்டியைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். தவணைகளில் ஐந்தில் ஒன்றாவது தவறிய மாதங்கள் வழக்கமான குழுவில் 29.9 சதவீதம், எஸ்எம்எஸ் குழுவில் 27.3, பெட்டிக் குழுவில் 17. அதாவது எஸ்எம்எஸ் பெரிதாக உதவவில்லை, பெட்டி நன்றாகவே உதவியது. அதோடு விட்டிருந்தால் பெட்டிக்கு வெற்றி என்று எழுதியிருப்போம். அதே நாட்டில் அடுத்து 24 மாவட்டங்களில் நடத்திய பெரிய ஆய்வு, சிகிச்சை தோற்றதா, நோய் திரும்ப வந்ததா என்று பார்த்து 2023ல் வெளியானது. அதில் பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் குறிப்பிட்டுச் சொல்லும் வித்தியாசம் இல்லை. பெட்டி கூடுதலாகத் திறந்தது, நோய் கூடுதலாகக் குணமாகவில்லை. இந்த இரண்டு ஆய்வையும் ஒன்றாகப் படிக்காமல் யாரும் மருந்துப் பெட்டிக்கு டெண்டர் விடக் கூடாது என்பது என் கருத்து.

கென்யா கதை வேறு. 2010ல் வெளியான வெல்டெல் ஆய்வில் நைரோபியிலும் கஜியாடோவிலும் இருந்த கிளினிக்குகளில் 538 எச்ஐவி நோயாளிகள். வாரம் ஒருமுறை நர்ஸிடமிருந்து ஒரே சொல்லில் ஒரு எஸ்எம்எஸ் வரும். "மாம்போ?" எப்படி இருக்கிறீர்கள் என்று சுவாஹிலியில் விசாரிப்பு. மாத்திரை, நோய் என்ற பேச்சே கிடையாது. 48 மணி நேரத்துக்குள் "நலம்" என்றோ "பிரச்சினை" என்றோ பதில் போட வேண்டும். பிரச்சினை என்றால் நர்ஸ் கூப்பிடுவார். பதில் இல்லை என்றாலும் கூப்பிடுவார். ஒரு வருடம் கழித்து வைரஸ் கட்டுக்குள் இருந்தவர்கள் எஸ்எம்எஸ் குழுவில் 57 சதவீதம், மற்றதில் 48.

தென்னிந்தியாவில் 631 எச்ஐவி நோயாளிகளிடம் நடத்தி 2014ல் வெளியான ஆய்வில், வாரா வாரம் தானியங்கிக் குரல் அழைப்பும் ஒரு படச் செய்தியும் போனது. 96 வாரம் தொடர்ந்தார்கள். இரு குழுக்களுக்கும் இடையில் வித்தியாசமே இல்லை.

கென்யாவில் பலித்தது, இந்தியாவில் பலிக்கவில்லை என்று இதற்குத் தலைப்பு போட்டுவிடலாம். எனக்கு அப்படிப் படிக்கத் தோன்றவில்லை. ஒன்றில் பதிலுக்குக் காத்திருக்கும் நர்ஸ் இருந்தார், மற்றொன்றில் கணினி பேசியது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் நாடு, கிளினிக், அளந்த விதம் எல்லாமே வேறு. கென்யாவிலேயே கிராமப்புறத்தில் போனை இலவசமாகக் கொடுத்து நடத்திய இன்னொரு ஆய்வில், வாரம் ஒருமுறை அனுப்பிய எஸ்எம்எஸ் உதவியது, தினமும் அனுப்பியது உதவவில்லை. "போன் நினைவூட்டல்" என்று ஒரே பெயரில் நாம் சோதிப்பது உண்மையில் வேறு வேறு சரக்கு. ஆய்வறிக்கையில் சர்வர் விவரம் ஒரு பக்கத்துக்கு இருக்கும். பதில் வந்தால் யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குள் திருப்பிக் கூப்பிட்டார்கள், அவர் விடுப்பில் போனால் யார் என்பது ஒரு வரியில் முடிந்திருக்கும்.

அப்புறம், ஆய்வுக்குள் யார் வருகிறார்கள் என்று ஒரு கேள்வி. "சொந்தமாக செல்போன் இருக்க வேண்டும்" என்று சேர்க்கை விதியில் ஒரு வரி எழுதுகிறோம். 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் போன் இருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 சதவீதம். அந்த ஒரு வரியில் பாதிப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். வடசென்னையில் ஒரு வீட்டில் எங்கள் களப்பணியாளரிடம் ஒரு பெண் மெதுவாகச் சொன்னது நினைவிருக்கிறது. "அக்கா, மெசேஜ்ல மாத்திரைன்னு மட்டும் போட்டுடாதீங்க. போன் பாதி நேரம் அவர்கிட்டதான் இருக்கும். மாமியாருக்கு இன்னும் தெரியாது." எங்கள் எண்ணைத் துணிக்கடை என்று பதிந்து வைத்திருந்தார். அவரைப் பற்றிய தரவில் "சொந்த போன்: ஆம்" என்றுதான் இருக்கும்.

அவர் கேட்டது சின்ன மாற்றம். அதைச் செய்ய என்ன ஆகும் என்று பாருங்கள். செய்தியின் வாசகத்தை மாற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் வாசகத்தையும் அனுப்புநர் பெயரையும் டிஎல்டி என்ற தொலைத்தொடர்புப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்தியை நெட்வொர்க் தடுத்துவிடும். 2021 மார்ச் 8ஆம் தேதி அந்த வடிகட்டலை முழுமையாகத் தொடங்கியபோது வங்கி ஓடிபி கூட வராமல் நாடே தவித்தது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஓடிபி வராதது செய்தியானது. அன்று வராமல் போன மாத்திரை நினைவூட்டல்களை யார் எண்ணினார்கள்? "அனுப்பப்பட்டது" என்று சர்வர் சொல்வதும் நோயாளி படித்தார் என்பதும் எப்போதுமே வேறு வேறு. 2018 இறுதியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்த பிறகு, காசு போடாத சிம்முக்கு இன்கமிங்கும் நிற்க ஆரம்பித்தது. வேலை போன மாதத்தில் ஒருவருக்கு ரீசார்ஜும் போகும், மாத்திரையும் போகும். நினைவூட்டல் மிகவும் தேவைப்படும் நாளில்தான் எண் உபயோகத்தில் இருக்காது.

ஒரு ஆய்வைத் திட்டமிட்டு, நிதி வாங்கி, ஆட்களைச் சேர்த்து, தொடர்ந்து பார்த்து, எழுதி முடிக்க நான்கைந்து வருடம் ஆகிவிடும். அதுவரை ஊர் அப்படியே நிற்காது. பட்டன் போனில் எஸ்எம்எஸ் படித்தவர்கள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள், எஸ்எம்எஸ் பெட்டி கடன் விளம்பரங்களின் கிடங்காகிவிட்டது. கண்ட்ரோல் குழுவின் "வழக்கமான சிகிச்சை"யும் மாறிக்கொண்டே இருந்தது. 2017 வாக்கில் அரசுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மருந்து தினசரி மருந்தானது. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வந்தது, பின்னர் 1,000 ஆனது. 2020ல் கொரோனா. 2023, 2024ல் பல மாநிலங்களில் காசநோய் மருந்துக்கே தட்டுப்பாடு. மாத்திரையே இல்லாத மாதத்தில் மாத்திரையை நினைவூட்டினால், நோயாளி நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

உகாண்டாவில் 18 மையங்களில் 99 டாட்ஸைச் சோதித்து 2021ல் வெளியிட்டார்கள். போன் முறை வந்த காலத்தில் சிகிச்சைக்கு வந்தவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையில் அதில் சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தால் குணமானவர்கள் கூடுதல். முறை நல்லது, செயல்படுத்தியதுதான் சரியில்லை என்று இதைப் படிக்கலாம். சேர்ந்தவர்கள் ஏற்கெனவே போன் வைத்திருந்த, ஓரளவு வசதியாக இருந்த, எப்படியும் குணமாகியிருக்கக்கூடியவர்கள் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது பக்கம் சாய்பவன். என்னோடு வேலை பார்த்த நண்பர்களில் முதல் பக்கம் சாய்பவர்களும் உண்டு, இதைப் பற்றி டீக்கடையில் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம்.

அடுத்து இப்படி ஒரு ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவைதான். செயலிக்கும் டேஷ்போர்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, சொல்லாமல் போய்ச் சிறுநீர் வாங்கிவரும் களப்பணியாளர்களின் சம்பளத்துக்கும் பஸ் செலவுக்கும் வையுங்கள். அந்தப் போக்குவரத்து இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். போன் இல்லாதவர்களைச் சேர்க்காவிட்டாலும் அவர்கள் எத்தனை பேர், சிகிச்சை முடிவில் என்ன ஆனார்கள் என்பதை எழுதி வையுங்கள். வாசகத்தை நோயாளி விருப்பப்படி மாற்ற, முன்கூட்டியே நான்கைந்து வடிவங்களுக்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள், அதில் ஒன்றாவது வெறும் நலம் விசாரிப்பாக இருக்கட்டும். எண் மாறினால், சிம் நின்றால் அந்தத் தேதியைக் குறியுங்கள், அது விடுபட்ட தகவல் இல்லை, அதுவே முடிவின் ஒரு பகுதி. அப்புறம், யாராவது "பிரச்சினை" என்று பதில் போட்டால் எந்த நர்ஸ், எத்தனை மணி நேரத்துக்குள் கூப்பிடுவார் என்பதை ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நர்ஸுக்குச் சம்பளம் ஆய்வு முடிந்த பிறகும் யார் தரப்போகிறார்கள் என்பதையும்.